அறுபது சதுர அடி

வடிவகணிதம் கற்பித்தே முப்பத்தோராண்டுகளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கும் சர்க்கரை வியாதிக்கும் நடுவே சமரசம் பேசிக்கொண்டு காலந்தள்ளலாம் என்று எண்ணியிருந்த என்னை, மகாராஜபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சித்தப்பா மகள் ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, வீடு வந்திருச்சு, நீங்க வந்து கோடு போட்டுக் குடுங்க" என்றாள். மழை வருவதுபோலவும் மாப்பிள்ளை வருவதுபோலவும் வீடும் 'வரும்' என்பதை அன்றுதான் அறிந்தேன். முக்கோணத்துக்குப் பரப்பளவு காணத் தெரிந்தவனுக்குக் குடும்பத்துக்கும் காணத் தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் துணிவு எனக்கில்லாத காரணத்தால், ஒரு கோடுபோட்ட நோட்டையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு வத்திராயிருப்புப் பேருந்தில் ஏறினேன்.

மகாராஜபுரம், சதுரகிரிக்குப் போகிறவர்கள் தாணிப்பாறை அடிவாரத்தை அடையும் வழியில் இருப்பது. மேற்கே மலை, மற்ற திசைகளிலெல்லாம் தென்னை. தங்கையின் வீடு அந்தத் தென்னையின் கிடுகாலேயே வேய்ந்த கூரை வீடு. அதில் அறை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. இருந்த ஒரே இடம் வேளைக்கொரு வேஷம் பூண்டு, விடியலில் அடுக்களையாகவும், பகலில் கூடமாகவும், அந்தியில் பள்ளிக்கூடமாகவும், இரவில் ஐவர் துயிலும் சயன மண்டபமாகவும் விளங்கி வந்தது. அது எத்தனை சதுர அடி என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருபதாண்டுகளில் ஒருவருக்கும் உதித்ததில்லை. கேள்வி பிறந்ததெல்லாம் ஆணை வந்த பிறகுதான்.

ஆணையின் தலையில் கோபுரம் பொறித்திருந்தது. அது எங்கள் ஊர்ப் பதினொரு நிலைக் கோபுரமே என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரார் எவருக்கும் ஐயமில்லை. மதுரைக்காரர்கள் வேறு விதமாகச் சொல்வதுண்டு, அவர்களோடு வாதாட இது இடமன்று. அவ்வளவு பெரிய கோபுரத்தைத் தலையில் சுமந்து வந்த அந்தக் காகிதம், 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின்படி, மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்ள அனுமதி தந்தது. இதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை போட்டே ஆக வேண்டும். மிச்சமிருக்கும் 60 சதுர அடிக்கு மட்டும் காங்கிரீட்டோ, எளிதில் தீப்பற்றாத வேறு கூரையோ, வீட்டுக்காரர் விருப்பம். 2011-இல் வந்த சூரியசக்திப் பசுமை வீடு 300 சதுர அடி. 2016-இல் வந்த மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. ஆக, அரசாங்கம் முன்னிலும் தாராளமாகத்தான் அளந்திருக்கிறது. ஆனால் மனித சுபாவம் விசித்திரமானது. 'இப்படித்தான்' என்று விதித்த 300 அடியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. 'உங்கள் இஷ்டம்' என்று விட்ட 60 அடியின் பொருட்டுத்தான் அந்தக் குடும்பத்தில் குருக்ஷேத்திரம் மூண்டது.

வேப்பமரத்தடியில் சபை கூடிற்று. தங்கை, அவள் கணவராகிய மாப்பிள்ளை, அவருடைய தாயாராகிய அத்தை, பிளஸ் டூ படிக்கும் பெண், ஏழாவது படிக்கும் பையன், இவர்களோடு, ஒரு வெற்றிலைக்கும் மறு வெற்றிலைக்கும் இடையில் மட்டுமே வாய் திறக்கும் மேஸ்திரி. தங்கை, அறுபதும் அடுக்களைக்கே என்றாள். மாப்பிள்ளை தென்னந்தோப்பில் காய் வெட்டுகிறவர். தம் மொபெட்டையும், அரிவாள்களையும், வடக்கயிற்றையும் மழையில் விடலாகாதென்றார். அத்தை, "திண்ணை இல்லாத வீடு வீடா தம்பி?" என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிட்டு, குலுக்கைக்கும் ஆட்டுரலுக்கும் தனித்தனியே இடம் கேட்டார். குலுக்கையில் தானியம் கொட்டிப் பன்னிரண்டு வருஷமாயிற்றே என்று பையன் நினைவூட்டியபோது, தானியம் நாளைக்கு வந்தால் எங்கே கொட்டுவது என்று திருப்பிக் கேட்டார். இந்த நியாயத்தை மறுக்க எனக்குத் தெரிந்த தேற்றங்களில் ஒன்றும் உதவவில்லை.

நான் நோட்டை விரித்து முதல் கோட்டைப் போட்டேன். வெளி அளவு 20-க்கு 18, பெருக்கினால் 360, சபை தலையசைத்தது. பிறகு, சுவர் ஒன்பது அங்குலம் என்பதை நினைத்துக்கொண்டு, இருபுறமும் கழித்தேன். உள்ளே 18½-க்கு 16½ நின்றது; பெருக்கினால் 305¼. ஒருவரும் குடியேறுவதற்கு முன்பே சுற்றுச்சுவர் மட்டும் ஏறத்தாழ 55 சதுர அடியை விழுங்கிவிட்டது. "அப்ப நாம அடிச்சுக்கிட்டதெல்லாம் செவருக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார். கணக்கு என்னுடையதாகையால் குற்றமும் என்னுடையதாயிற்று.

குற்றத்துக்குப் பரிகாரமாக, மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கரைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்து, இந்த நாட்டிலேயே தங்கி, ஏழைகளுக்குச் சிக்கனமாக வீடு கட்டுவதையே தவமாகக் கொண்டவர் அவர். செங்கலைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, இரு வரிசைக்கும் நடுவே பொந்து விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். செங்கலில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும், நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். அதன் பெயர் எலிப்பொறிக் கட்டு என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறியா, பொந்தா?" என்றார். பொந்துதான் என்று ஒப்புக்கொண்டேன். "எனக்குத் திண்ணை கெடையாது, எலிக்கு மட்டும் ஊட்டச் சுத்தி அறையா?" பேக்கரின் ஆயுட்கால உழைப்பு மகாராஜபுரத்தில் இந்த ஒரு கேள்வியில் சாய்ந்தது. மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, அந்தக் கட்டுக்குக் கூலி கூட ஆகும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்தபடியாக, நடு அறையை 12-க்கு 12 என்று எழுதினேன். "பன்னண்டு ஆகாது தம்பி." மனையடி சாஸ்திரத்தில் எட்டு, பத்து, பதினொன்று, பதினாறு எல்லாம் உத்தமமாம், பன்னிரண்டில் செல்வம் தேயுமாம். சாஸ்திரத்தைச் சாஸ்திரத்தால் வெல்ல முடியாதென்று கண்டு சரித்திரத்தைத் துணைக்கழைத்தேன். சண்டிகர் நகரத்தையே வகுத்த லெ கொர்புசியே என்னும் மகா சிற்பி, ஏறக்குறைய அதே சமயத்தில், 1951-52-இல், தமக்கென்று பிரான்சு தேசத்துக் கடற்கரையில் கட்டிக்கொண்ட ஓய்வு இல்லம் வெறும் மரக்குடில், பக்கத்துக்கு 3.66 மீட்டர், நம் கணக்கில் சரியாகப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றேன். கட்டில், மேஜை, கைகழுவும் தொட்டி அனைத்தையும் அதற்குள்ளேயே அடக்கியிருந்தார்.

"அடுப்படி எங்கண்ணே?" என்றாள் தங்கை. அடுப்படி இல்லை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் போக ஒரு கதவு மட்டும் வைத்திருந்தார் என்ற உண்மையைச் சொல்ல நேர்ந்தது. மாப்பிள்ளையின் முகத்தில் அப்போது மின்னிய ஆசையை நான் மட்டுமே கவனித்தேன்.

அத்தையின் கேள்வி வேறு. "அந்த ஊட்டுல நல்லா இருந்தாரா?" பொய் சொல்லிப் பழகாத தொழில் என்னுடையது. 1965-இல் அந்தக் குடிலுக்குக் கீழேயுள்ள கடலில் நீராடப் போனவர் உயிரோடு கரையேறவில்லை என்றேன். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டதை எவரும் காதில் வாங்கவில்லை. "நான் சொல்லல?" என்றார் அத்தை. பன்னிரண்டு பதினொன்றாயிற்று.

அடுக்களைக்கும் இவ்வாறே ஒரு மேற்கோள் வைத்திருந்தேன். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணி ஓர் அடுக்களையை வகுத்தார். ரயிலில் சாப்பாட்டு வண்டிக்குள் எத்தனை சிறிய இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, அடுப்புக்கும் தொட்டிக்கும் நடக்கும் தூரத்தை அளந்து, 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமாக, அதாவது சுமார் 70 சதுர அடிக்குள், அனைத்தையும் எட்டும் கைக்குள் கொண்டுவந்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. அவர் அதுவரை தம் வீட்டில் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டதைச் சபையில் நான் சொல்லவில்லை. கொர்புசியே விஷயத்தில் பட்டது போதும்.

நான் வரைந்து காட்டியதைத் தங்கை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "இதுக்குள்ள நானும் அத்தையும் சேந்தாப்ல நிக்க முடியாதேண்ணே" என்றாள். அந்த அடுக்களையைப் பற்றி ஜெர்மன் பெண்களும் இதே குறையைத்தான் சொன்னார்கள். ஆனால் தங்கை ஒரு கணம் தாமதித்து, தாழ்ந்த குரலில், "பரவால்ல, இப்படியே போடுங்க" என்று முடித்தாள். இந்தப் பிந்திய வாக்கியம் ஃபிராங்க்ஃபர்ட்டில் எழுந்ததாக நான் படித்ததில்லை.

இதன் பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். நேரில் அல்ல, விவாதத்தில். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற வருகிற சாத்தூர்க்காரர்கள், அத்தையின் தம்பி குடும்பம், என்றேனும் வரப்போகிற சம்பந்தி வீட்டார் ஆகிய அனைவரும் எங்கே படுப்பார்கள்? கேட்கக் கேட்க எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. அங்கே கூடியிருந்தவர்களில் ஒருவரும் தமக்காக வாதாடவில்லை. வராத தானியத்துக்கும், வருஷத்துக்கு ஒரு முறை வரும் உறவுக்கும், இன்னும் பேசி முடிக்காத சம்பந்திக்குமே ஒவ்வோர் அடியும் ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கில் போனால் 360 அடியிலும் வராதவர்கள் குடியேறி, இருக்கிற ஐவரும் வேப்பமரத்தடியிலேயே நிரந்தரமாகத் தங்க வேண்டியதுதான்.

முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய இடைகழியை நினைவூட்டினேன். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடத்தில் நான்காவதாகப் பெருமாளே வந்து நெருக்கிய கதையை ஆண்டாள் சந்நிதியில் அத்தை கேளாத நாளில்லை. "பாத்தியா, நெருக்கத்துலதான் சாமி வருவாரு" என்று அவர் கைகூப்பினார். மாப்பிள்ளை விடவில்லை. "சாமி நின்னுக்கிட்டே இருப்பாரும்மா. ஒங்க தம்பி வந்தா கால நீட்டிப் படுக்கணும்ல?"

ராஜபாளையத்துக்காரர், 1949 முதல் 1952 வரை சென்னை ராஜதானியின் தலைமை மந்திரியாக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். சபையின் முகக்குறிப்பைக் கண்டு, வீட்டைக் கொடுத்தவர் கதை வீடு கட்டுகிறவர்களுக்கு நல்ல சகுனமாகாது என்று நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண் மட்டும் காலையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு எங்கே வேண்டும் என்று நான்தான் கேட்டேன். "பொஸ்தகத்து மேல யாரும் கொழம்புச் சட்டிய வைக்காத எடம் இருந்தாப் போதும் மாமா" என்றாள். சபை சிறிது நேரம் பேசவில்லை. அன்று முழுதும் கேட்ட விண்ணப்பங்களில் தினந்தோறும் பயன்படப் போவது அது ஒன்றுதான். மேஸ்திரி எழுந்து, ஒன்பது அங்குலச் சுவரைக் காற்றில் கையால் வரைந்து, "இந்தச் செவுத்துலயே மாடம் எறக்கிருவோம் பாப்பா, மூணடி அகலத்துக்கு, சன்னலுக்குப் பக்கத்துல" என்றார். எங்களிடமிருந்து 55 சதுர அடியைத் தின்ற சுவர், ஒரு சதுர அடியையாவது திருப்பிக் கொடுத்தது.

மற்றவற்றையும் மேஸ்திரியே தீர்த்தார். என் நோட்டை ஒரு முறைகூட வாங்கிப் பாராத அந்த மனிதர், அஸ்திவார மேடையை வாசற்புறம் இரண்டடி நீட்டி, கூரையும் சுவரும் இல்லாத காரணத்தால் எவர் கணக்கிலும் அகப்படாத ஒரு திண்ணையை அத்தைக்கு உண்டாக்கினார். குலுக்கை கோழிகளுக்குப் போயிற்று. மொபெட் வேப்பமரத்தடியிலேயே நின்றது. அறுபது அடியும் தங்கைக்கே.

பால் காய்ச்சிக் குடியேறிய பின் வந்த முதல் ஆடி அமாவாசைக்கு, எதிர்பார்த்தபடியே பதினொரு பேர் வந்திறங்கினார்கள். யாருக்காக அத்தனை கோடுகள் அழிக்கப்பட்டனவோ அவர்கள், நடு அறையை எட்டிப் பார்த்து, "உள்ள புழுக்கமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாய்களோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். மலைக்காற்று வீசும் அந்த 300 சதுர அடியை நாங்கள் ஒருவருமே கணக்கில் எடுத்திருக்கவில்லை. படிக்கட்டு வைத்தால் உள்ளே இடம் போகுமென்று படிக்கட்டும் வைக்கவில்லை. தோப்பிலிருந்து மூங்கில் ஏணி ஒன்று வந்தது. வந்த ஏணி திரும்பிப் போகவில்லை. வெளியே விட்டால் மழையில் இற்றுப்போகும். ஆகவே இப்போது அது நடு அறையில் படுத்திருக்கிறது.

நேற்றுக் காலையில் தங்கை மறுபடி அழைத்தாள். "அண்ணே, நோட்ட எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஏணிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. அதுக்குள்ள அத்தை அத அளந்து பாத்துருக்காக, பன்னண்டு அடி இருக்காம். ஆகாதுன்னு சொல்லி ஓரடிய அறுக்கச் சொல்றாக."