காவிரிக் கரையில் மைதா

குடும்பத்தோடு க்ஷேத்திராடனம் புறப்படுகிறவர்கள் ஸ்வாமி தரிசனத்தை உத்தேசித்தே புறப்படுகிறார்கள் என்பதை மறுக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் ஊர் திரும்பிய பிறகு அவர்கள் பேசிக்கொள்வதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், எந்தக் கோயிலில் எந்த மூர்த்தி என்பது முற்றும் குழம்பிப் போயிருக்க, எந்த ஊர் ஓட்டலில் சட்னி நீர்த்துப் போயிருந்தது என்பது மட்டும் கோர்ட்டில் சாட்சி சொல்லும் அளவுக்குத் துலக்கமாக நினைவில் நிற்பதைக் காணலாம்.

இந்தக் கோடை விடுமுறையில் மகன், மருமகள், பேரக் குழந்தைகள் சகிதமாக என் மனைவியின் பிறந்த ஊராகிய குத்தாலத்துக்குப் பிரயாணமானோம். தென்காசிப் பக்கத்துக் குற்றாலம் என்று நினைத்துத் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக ரயிலேறிய பேரன், இது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே காவிரியின் தென்கரையில் இருக்கும் குத்தாலம் என்றும், இங்கே அருவி என்று ஒன்று எக்காலத்திலும் விழுந்ததில்லை என்றும் அறிந்தபோது, "ஆறாவது இருக்கா தாத்தா?" என்று கேட்டான். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது சம்பிரதாயம். நாங்கள் போனது மே மாதம். காவிரியில் மணல் இருந்தது. அருவியையும் ஆற்றையும் ஒருங்கே இழந்த குழந்தைக்கு நஷ்ட ஈடாக என் மகன் கடைத்தெருவில் ஒரு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தான். எங்கள் மைதா யாத்திரைக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

இதில் உமக்கு என்ன ஆக்ஷேபணை என்று கேட்கலாம். குத்தாலம் சாமானியமான ஊரன்று. பரத முனிவருக்கு மகளாகத் தோன்றிய அம்பிகையை மணந்துகொள்ள இறைவன் எழுந்தருளிய தலம் அது. அவர் வந்தபோது குடையாக நிழல் தந்து வந்த உத்தால மரத்தையும், அணிந்து வந்த பாதுகைகளையும் இங்கேயே விட்டுச் சென்றார் என்பது தலபுராணம். மாப்பிள்ளையானவர் குடையையும் செருப்பையும் ஒருங்கே விட்டுவிட்டுப் புறப்படுவதென்றால், அதற்கு முன் நடந்த விருந்து எத்தகையதாய் இருந்திருக்க வேண்டும் என்பதை, அதே ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன் என்ற முறையில் நான் நன்றாக அனுமானிக்க முடியும். அந்த விருந்தில் மைதா இருந்திருக்க நியாயமில்லை.

சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். அருகே தேரழுந்தூர், இராமாயணம் பாடிய கம்பர் பிறந்த ஊர், ஏரின் பெருமையைச் சொல்லும் 'ஏரெழுபது' நூலையும் அவர் பெயரிலேயே வழங்குகிறார்கள். மேற்கே திருவாவடுதுறை; மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்ட மடம் அங்கே இருக்கிறது. இன்னும் சற்று மேற்கே போனால் ஆடுதுறையில், 1922 முதல் நெல்லையே ஆராய்ந்துகொண்டிருக்கும் நிலையம்; ஏ.டி.டி. என்ற முத்திரையோடு நாடெங்கும் விதைக்கப்பட்ட ரகங்கள் அங்கே பிறந்தவை. உழவைப் பாடக் கவியும் நெல்லை வளர்க்க விஞ்ஞானியும் வாய்த்திருக்கிற இந்தச் சீமையில், எங்கள் குடும்பம் மத்தியானம் நூடுல்ஸும், சாயங்காலம் கிரீம் பன்னும், இரவில் பரோட்டாவுமாகச் சஞ்சரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் மைதா.

கோதுமை இந்தப் பிரதேசத்துக்கு விருந்தாளியாக வந்ததன்று, நிர்ப்பந்தமாக வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், அடுத்த வருஷம் சென்னைப் பட்டணத்தில் ரேஷன் அமுலான காலத்தில், கோதுமையை எப்படிச் சமைப்பது என்பதே தெரியாமல் விழித்த இல்லங்கள் அநேகம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு அமெரிக்கக் கோதுமையும் கப்பலேறி வந்தது. அப்போதும் ரொட்டி என்பது எங்கள் பால்யத்தில் ஆகார வரிசையில் சேர்ந்ததில்லை. அது மருந்து வரிசை. காய்ச்சல் கண்டு நாக்குச் செத்துக் கிடப்பவனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். அந்த ரொட்டிக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலை வேண்டிக்கொண்ட பையன்களும் உண்டு.

இந்த வைத்திய சாஸ்திரம் குத்தாலத்தில் இன்னும் வழக்கொழியவில்லை. ஒரு நாள் மாலை ரொட்டிப் பொட்டலத்தோடு நான் தெருவில் திரும்புகையில், எதிர்வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்த மூதாட்டி என்னை நிறுத்தினார்.

"மாப்பிள்ளே, வீட்ல யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்லைங்க அம்மா. பிள்ளைங்க சாப்பிடத்தான்."

"பிள்ளைங்களுக்கா? ரெண்டும் காலைல குதிச்சிக்கிட்டுல்ல இருந்துச்சு?"

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. விளக்கு வைத்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு பாத்திரத்தில் மிளகு ரசமும், குழையக் குழைய வடித்த சாதமும், சுட்ட அப்பளமும் வந்து சேர்ந்தன. அதை உண்டவன் நான்தான் என்பதையும், அதுவே அந்தப் பிரயாணத்தின் உத்தமமான போஜனம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பேக்கரியை நான் நிந்திக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று சிற்றூர் தோறும் தொங்கும் ஐயங்கார் பேக்கரிப் பலகைகளுக்கு மூலபுருஷர்கள் ஹாசன் ஜில்லாவிலிருந்து பெங்களூருக்கு வந்து அடுப்பு மூட்டியவர்கள். அவர்கள் முட்டை சேர்க்காமலே கேக் செய்து, ஆசாரத்துக்கும் நாக்குக்கும் சமரசம் செய்து வைத்தவர்கள். ஆனால் பலகை வந்த இடமெல்லாம் அந்த ஆசாரமும் கூட வந்ததா என்பது வேறு விஷயம். நாங்கள் போன கடையில் என் மனைவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்கைச் சுட்டி, "இதுல முட்டை இருக்காப்பா?" என்று கேட்டதற்கு, அந்தப் பையன் பரம சாந்தமாக, "உங்களுக்கு இருக்கணுமா, இருக்கக் கூடாதாம்மா?" என்றான். எப்படிச் சொல்லியிருந்தாலும் அதே தட்டிலிருந்துதான் எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அவள் தேங்காய் பன்னோடு திருப்தியடைந்தாள்.

இனி மைதாவை வெல்ல ஒரே உபாயம் கும்பகோணம் கடப்பாதான் என்று தீர்மானித்தேன். வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்து, சாம்பாரும் ஆகாமல் குருமாவும் ஆகாமல் வெளிர் நிறத்தில் நிற்கும் அந்தப் பதார்த்தத்தை இட்டிலியின் தலையில் விட்டு உண்டவர்கள், பிறகு சாம்பாரைச் சற்றுத் தாழ்வாகவே நோக்குவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் அது அகப்படுவதில்லை. முதல் நாள் நாங்கள் கிளம்பி, குழந்தைகள் தலைவாரி, மருமகள் கைப்பேசியில் எந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஆராய்ந்து முடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பரிமாறுகிறவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "கடப்பா முடிஞ்சுது சார். பூரி சூடா இருக்கு" என்றார். பூரி! குழந்தைகள் ஆனந்தக் கூத்தாடினார்கள்.

மறு நாள் விடியற்காலையில் அனைவரையும் தட்டி எழுப்பி, பாதித் தூக்கத்திலேயே வண்டியேற்றி, எட்டு மணிக்கு முன்பே இலை முன் உட்கார வைத்தேன். கடப்பா வந்தது. ஆவி பறந்தது. என் மனைவி பேச்சை நிறுத்தினாள். என் மகன் இரண்டாவது ஈடு இட்டிலிக்குச் சொல்லி அனுப்பினான். பேரன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, ஒரு வித்வான் ராகத்தை ஆராய்வதுபோல் சற்று ஆராய்ந்துவிட்டு, என்னை அன்போடு நோக்கிக் கேட்டான்: "ரொம்ப நல்லா இருக்கு தாத்தா. இதுக்குத் தொட்டுக்க பன் கிடைக்குமா?"

காபியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் பித்தளை டவராவும் டம்ளரும் அடுக்கிவைத்துக் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளை எண்ணிப் பார்த்தால், அவ்வூர்க்காரர்கள் அனைவரும் ஊரைக் காலி செய்துவிட்டுச் சாலையோரம் குடியேறிவிட்டார்களோ என்ற சந்தேகம் பிறக்கும். கும்பகோணத்துக் கடைவீதியில் நாங்கள் குடித்த காபி எவர்சில்வர் டம்ளரில்தான் வந்தது. பாலில் தண்ணீர் இல்லை, டிகாக்ஷனில் கஞ்சத்தனம் இல்லை, பித்தளை இல்லாத குறையை ஒருவரும் உணரவில்லை.

ஆகையால், குத்தாலத்துக்கும் அதன் சுற்றுவட்டத்துக்கும் குடும்பத்தோடு போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோயில்களில் உச்சிகாலம் ஆனதும் நடை சாத்திவிடுவார்கள். ஓட்டல்களில் இலை போடுவதும் அந்த வேளைக்குத்தான். மறுபடி மாலை நான்கு மணி சுமாருக்கு நடை திறக்கும்போது கடைகளில் புது டிகாக்ஷன் இறங்கியிருக்கும். இந்த இரண்டு நேரத்தையும் ஒட்டிப் பிரயாணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இலையில் உட்கார்ந்தால் ஊர்ச் சாப்பாட்டைக் கேளுங்கள். ஃபிரைட் ரைஸ் சென்னையிலேயே கிடைக்கிறது. கடப்பா வேண்டுமென்றால் எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். குழந்தைகளுக்குப் பன் வாங்குவதானால் முதல் நாள் இரவே வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நலம். காலை எட்டு மணிக்கு முன் பேக்கரி திறந்திராது.