மடிக்கணினியின் பின்புறம்: ஆரணிப் பட்டுப் பரிசோதனை முறையை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நான்கு ஆண்டு தாங்கும் லேப்டாப் எது என்னும் வினா, ஆரணியில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தை ஒட்டித்தான் எழுகிறது. பொறியியல் கலந்தாய்வு நடப்பதும் அப்போதுதான். முகூர்த்தம் இல்லாமல் பட்டுக்கடைகளில் கூட்டம் குறைவதும் அப்போதுதான். காசு வராத மாதத்தில் காசு கேட்கும் பொருள் வருவது தற்செயலா, சதியா என்பது தனி ஆய்வுக்குரியது. இக்கட்டுரை அதற்குள் போகவில்லை.

இத்துறையில் இதுவரை மூன்று மரபுகள் அறியப்பட்டுள்ளன. முதலாவது மாமா மரபு. சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன் போனில் அருளும் ஒற்றை வரி நூற்பா இதன் மூலபாடம்: “ஐ7 வாங்கிடுங்கக்கா.” இம்மரபின் ஆசிரியர்கள் விலையைப் பற்றிக் கருத்துச் சொன்னதாகச் சான்றில்லை. இரண்டாவது கடை மரபு. எந்த மாடல் கையிருப்பில் தேங்கி நிற்கிறதோ அதுவே சிறந்தது என்பது இதன் கொள்கை. மூன்றாவது விடுதி மரபு. சீனியர்களால் வாய்மொழியாகப் பரவுவது. கீபோர்டில் ஏழு நிறத்தில் விளக்கெரிய வேண்டும் என்று வற்புறுத்துவது.

மூன்றும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றன. முகப்பை மட்டுமே பார்க்கின்றன.

புடவை விஷயத்தில் ஆரணிக்காரர் இப்படிச் செய்வதில்லை. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருபவர் முந்தியை விரித்து வியப்பார். தறியில் உட்கார்ந்து பழகியவரோ புடவையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் போடுவார். அடிப்பக்கத்தில் ஜரிகை எப்படி ஓடுகிறது, கரையும் உடலும் சேரும் இடத்தில் பிடிப்பு இருக்கிறதா, அறுந்த இழையை எங்கே முடிந்திருக்கிறார்கள் என்று விரலால் தடவிப் பார்ப்பார். முந்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அதே மனிதர் லேப்டாப் கடைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் மறந்து, “எத்தனை ஜிபி தம்பி?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்த மறதியே நமது ஆய்வுப் பொருள்.

பட்டும் கணினியும் உறவு என்பதைச் சொல்லாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கிலும் ஏற்பதில்லை என்பதால், அதையும் சொல்லிவிடுவோம். ஃபிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஐ ஒட்டித் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கிக் காட்டினார். 1839-இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் செலவான அட்டைகள் சுமார் 24,000. அந்தப் படம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தமது கணக்கு இயந்திரத்துக்கும் துளையட்டையையே நம்பினார். ஆக, ஜக்கார்டு பெட்டி கணினிக்குப் பெரியப்பா முறை. உறவு இருந்தும் கடைக்காரர் தள்ளுபடி தருவதில்லை.

இனி இலக்கணம். பிராசசரின் பெயர் ஒரு பகுபதம். ‘ஐ5-1335யூ’ என்பதைப் பிரித்தால் ‘ஐ5’ பகுதி, ‘13’ காலம் காட்டும் இடைநிலை, அதாவது தலைமுறை, ‘35’ சாரியை, ‘யூ’ விகுதி. மாணவர்கள் பகுதியைப் பார்த்து மயங்குகிறார்கள். இயல்பைச் சொல்வது விகுதி. ‘யூ’ என்றால் 15 வாட் அளவில் சிக்கனமாக ஓடுவது. பேட்டரி நீடிக்கும், சூடு குறைவு. ‘ஹெச்’ என்றால் 45 வாட் அளவில் பாய்வது. வேகம் உண்டு, அனலும் உண்டு, சார்ஜரைப் பிரிந்து வாழாது. இடைநிலையும் முக்கியம். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஆபீஸ் லேப்டாப்புகளின் உடல் திடமானதுதான். ஆனால் இடைநிலை இறந்தகாலமா என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

2023-இல் இன்டெல் நிறுவனம் ‘ஐ’ என்ற எழுத்தையே புதிய பெயர்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. நன்னூலார் இதைக் கெடுதல் விகாரம் என்பார். ஏஎம்டியின் ‘ரைசன் 5 7520யூ’ இன்னும் நுட்பமானது. முதல் எண் 7, புத்தம் புதிதுபோல் மின்னும். மூன்றாம் எண் 2; உள்ளே இருப்பது பழைய ஸென் 2 வடிவமைப்பு. காலத்தை உள்ளே மறைத்துவைக்கும் இப்பெயரை வினைத்தொகை வகையில் சேர்ப்பதே முறை.

படிப்போடு சேர்த்துக் கேட்கப்படும் “லேசான கேமிங்” என்ற தொடருக்கு உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெற்றோர் உரைப்படி அது ஞாயிற்றுக்கிழமை மாலை அரைமணி நேரம். மாணவர் உரைப்படி இரவு 2 மணி வரை வேலோரன்ட். நல்வாய்ப்பாக, வேலோரன்ட், மைன்கிராஃப்ட் அளவிலான ஆட்டங்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. இன்றைய பிராசசர்களில் பலவற்றோடு வரும் கிராஃபிக்ஸே போதும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ரேம் இரட்டைத் தடத்தில், அதாவது டூயல் சேனலில், இருக்க வேண்டும். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ், ஒரே ஒரு 8 ஜிபி ரேம் மாட்டிய மெஷினில் தன் பெயரையே இழந்து வெறும் ‘யூஹெச்டி’ என்று அடக்கமாகக் காட்டிக்கொள்ளும். இருபது டேப் திறந்து, ஆன்லைன் வகுப்பையும் கோடிங்கையும் ஒருசேர ஓட்டவேண்டும் என்றாலும் 16 ஜிபி வேண்டும். இன்று 8 வாங்கி நாளை கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர், ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, தனியாக ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். பற்றவைத்திருந்தால் நாளை என்பது கிடையாது.

இப்போது நமது முறைக்கு வருவோம். “கொஞ்சம் திருப்பிக் காட்டு தம்பி.”

அடிப்பக்கத்தில் முதலில் காற்றுத் துளைகளைப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளை 35 டிகிரி வரையிலான சுற்றுச்சூழலுக்கு என்றே குறிப்பிடுகின்றன. சித்திரை, வைகாசியில் ஆரணியின் பகல் 40-ஐத் தொடும். எனவே ஆண்டில் சில வாரங்கள் நம் ஊர் முழுவதுமே பயன்பாட்டு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று கொள்க. அந்த நாட்களில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் படம் பார்த்தால் துளை அடைபட்டு, மெஷின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். பையன் “ஸ்லோ ஆயிடுச்சு” என்பான். தறி ஓடும் வீட்டில் பட்டுத் துசும்பும் சேரும். ஆண்டுக்கொரு முறை ஃபேனைத் துடைக்க, அடிமூடி சாதாரண ஸ்குரூவில் திறக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

அடுத்தது கீல். புடவையில் கரையும் உடலும் சேரும் இடம் எதுவோ, லேப்டாப்பில் அது கீல். பிளாஸ்டிக் உடலில் இறுக்கமான கீலைப் பதித்தால், நாளடைவில் மூடியோரம் விரிசல் விடலாம். ஒற்றைக் கையால் மூடியைத் திறந்து பார்க்கலாம்; மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் முறுக்கிக்கொள்கிறதா என்றும் பார்க்கலாம். கடைக்காரர் முகம் மாறும். மாறட்டும். எடை குறைந்தால் உழைக்காது என்று யாராவது சொன்னால் மட்டும் ஆரணிக்காரர் நம்பக்கூடாது. காஞ்சிபுரத்தைவிட எடை குறைந்த பட்டு நெய்து பெயர் வாங்கியவர்கள் நாம்.

பேட்டரிக்கு விளம்பரம் சொல்லும் மணிக்கணக்கு, மங்கிய திரையில் வீடியோ ஓடவிட்டு எடுத்ததாக இருக்கலாம். விவரத்தாளில் இருக்கும் வாட்-ஹவர் எண் பொய் சொல்லாது: 42-ஐவிட 56 நல்லது, அவ்வளவுதான். லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழக்கும். சூட்டில் எப்போதும் 100 சதவீதத்திலேயே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். பல மெஷின்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. அதை இயக்கிவைத்தால் “ஃபுல் ஆகவே மாட்டேங்குது” என்று பாட்டி புகார் சொல்வார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இவ்வாய்வுக்குப் பெரிய கள ஆதாரம். அந்த மெஷின்களை வாழவைத்தது பிராசசர் அல்ல. பேட்டரி போனாலும் வயரைச் செருகி ஓட்டலாம், ரேமையும் ஹார்டு டிஸ்கையும் ஊர்க் கடையிலேயே மாற்றலாம் என்பதுதான்.

ஆகவே கடைசிக் கேள்வி சர்வீஸ். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி என்றால் 632301 என்ற நம் பின்கோடுக்கு ஆள் வருவாரா, இல்லை மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டுமா? இதை எழுத்தில் வாங்க வேண்டும். சார்ஜர் டைப்-சி ஆக இருந்தால், அது தொலைந்தாலும் பஜாரில் வேறு வாங்கலாம்.

இத்தனையும் பார்த்து, பில் போட்டு, இலவசப் பையும் மவுஸும் வாங்கி வீடு திரும்பிய மறுநாள் மாமா போன் செய்வார். “இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா புது மாடல் வந்திருக்குமேக்கா.” அம்மரபுக்கு இதுவரை யாரும் மறுப்பு எழுதியதில்லை.