இமையில் கோடு போடுவது எப்படி?

மடிப்பில்லாத மேல் இமையில் மடிப்புக் கோடு உண்டாக்கும் அறுவை சிகிச்சைக்கு முதலில் நாள் குறியுங்கள். தென் கொரியாவில் இதற்கென்றே ஒரு முகூர்த்தம் உண்டு. நவம்பரில் சுனுங் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு, அம்மாக்களே பிள்ளைகளைச் சியோலின் கங்னம் பக்கத்து மருத்துவமனைகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். வயதைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். 2005இல் அதிபர் ரோ மூ ஹியூனே பதவியில் இருந்தபடி செய்துகொண்டார். தொங்கிய இமை பார்வையை மறைக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரணம், நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து முறை. தையல் முறையில் நீளமான வெட்டு கிடையாது. இமையைத் தூக்கும் தசையோடு மேல்தோலை நூலால் முடிந்துவிடுவார்கள். கண்ணைத் திறந்தால் மடிப்பு விழும். 1896இல் மிகாமோ என்ற ஜப்பானிய மருத்துவர் பட்டு நூலால் செய்ததுதான் இதன் பாட்டன். வீக்கம் குறைவு. ஆனால் முடிச்சு தளர்ந்தால் கோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இமை கனமாக இருந்தால் வெட்டு முறைதான்: தோலைக் கீறி, உபரித் தோலையும் கொழுப்பையும் எடுத்துத் தைப்பார்கள். கோடு நிலைக்கும், வீக்கமும் சீக்கிரம் வடியாது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் நடுவில் "கண்ணைத் திறங்க, மூடுங்க" என்று குரல் வரும். தூங்குவது போல் நடிக்காதீர்கள். இரண்டு கண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் நேரம் அது.

ஆசைப்பட்டுக் கோட்டை உயரமாகக் கேட்காதீர்கள். அப்படித் தடித்துப்போன கண்ணுக்குக் கொரியர்கள் 'சாசேஜ் கண்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி வீடு. முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலைக்கு இரண்டு தலையணை. வீக்கம் வடியப் பூசணிச் சாறு வரும், மறுக்காமல் குடியுங்கள். வடிகிறதோ இல்லையோ, கொடுத்தவருக்கு நிம்மதி. வீட்டில் உள்ள கண்ணாடிகளைத் துணி போட்டு மூடுவதுதான் உண்மையான சிகிச்சை. மூடாவிட்டால் மூன்றாம் நாள் காலை இரண்டு கண்களும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். நீங்கள் மருத்துவருக்குப் படம் அனுப்புவீர்கள், அவர் "பொறுங்கள்" என்பார். வெட்டு முறையென்றால் 5 முதல் 7 நாளில் தையல் பிரிப்பார்கள். கோடு இறங்கி அமர மாதங்கள் ஆகும். அதுவரை பனியிலும் கறுப்புக் கண்ணாடி அணியலாம். பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியும், பாவம், கேட்கமாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கண் பிதுங்கி, வலி ஏறி, பார்வை மங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருளாகலாம். படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நவம்பரில் செய்தால் புத்தாண்டுப் பண்டிகைக்குள் முகம் ஓரளவு தேறிவிடும். பாட்டி வீட்டுக்குப் போய் விழுந்து கும்பிடுங்கள். பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு "அப்படியே என் கண்" என்பார். மறுக்காதீர்கள். அவரும் போன வருஷம்தான் செய்துகொண்டார்.