ரவுண்டு அண்ணன்

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு எதை எடுத்தாலும் அதில் ஒரு ரவுண்டு அண்ணன் இருப்பார். போன வழியே திரும்பும் மலைப்பாதை அவருக்கு ஆகாது. சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வரும் பாதைதான் வேண்டும். “பார்த்ததையே எதுக்குய்யா மறுபடி பார்க்கணும்?” என்பார். உள்விஷயம் வேறு. போன வழியே திரும்பும் பாதையில் மூச்சு வாங்குகிறவன் எங்கே வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். சுற்றுப்பாதையில் பாதி வந்துவிட்டால் முன்னே போனாலும் அதே தூரம், பின்னே போனாலும் அதே தூரம்.

அண்ணனின் செல்லம் டாமல்பயஸ் மலையின் கடலோரச் சரிவு. சுமார் 1,500 அடி உயரத்தில் பான்டோலில் காரை நிறுத்துவார். சாவி அவர் பையில். மாட் டேவிஸ் பாதை பெரும்பாலும் இறக்கம்தான். புல்மேடு, கீழே பசிபிக், அதன்மேல் பஞ்சுபோல் பனிமூட்டம். புதிதாக வந்தவர்கள் “இவ்வளவுதானா அண்ணே?” என்று செல்ஃபி எடுப்பார்கள். அண்ணன் சிரிப்பார், பேசமாட்டார். ஏறத்தாழ 7 மைல் சுற்றில், இறங்கிய அத்தனை அடியையும் ஏறியாக வேண்டும் என்ற செய்தி, ஸ்டின்சன் கடற்கரையில் புளியோதரை காலியான பிறகுதான் வெளிவரும்.

கொஞ்ச தூரம் டிப்ஸி பாதை. “1905-லேர்ந்து இதுல ஓட்டப்பந்தயம் நடக்குது. வயசானவங்க முன்னாடியே கிளம்பலாம்னு சலுகை உண்டு. உங்களுக்கென்ன வயசா ஆச்சு?” அடுத்தது ஸ்டீப் ரவீன். ஓடையோரம் வானுயர்ந்த ரெட்வுட் மரங்கள். அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் தெம்பில்லை. கையூன்றப் போனால், “மூணு மூணா இலையா? தொடாதே, அரிச்சே செத்துருவே!” என்று முன்னாலிருந்து குரல் வரும். அருவியருகே பத்தடி மர ஏணி. அண்ணன் அதன் உச்சியில் நின்று, கைத்தடியை நீட்டி, “இன்னும் பத்தே நிமிஷம்” என்பார். இதே பத்து நிமிஷத்தை அவர் கடற்கரையிலும் கொடுத்திருந்தார்.

ஒருவழியாகத் தவழ்ந்து பான்டோல் சேர்ந்தால், பெஞ்சில் அண்ணி. “முட்டி வலிக்குது, நீங்க முன்னாடி போங்க” என்று கடற்கரையிலேயே பின்தங்கியவர். வைத்த பூ வாடவில்லை. எப்போது முந்தினார் என்று அண்ணன் கேட்பதில்லை. அவருக்கு எல்லாம் தன் பயிற்சி.

“உங்க அண்ணியைப் பாருங்கடா! இதுக்குப் பேர்தான் ஸ்டாமினா!”

அவர் வாழைப்பழம் எடுக்கப் போன நேரம் பார்த்து அண்ணி பெண்களிடம் குனிந்தார்.

“61-ஆம் நம்பர் பஸ். பீச்சுல ஏறினா இங்கேயே இறக்கி விட்டுருவான். அவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க. பாவம், ஆசையா கூட்டிட்டு வர்றார்.”