பெட்டிக்குள்ள உலகக் கோப்பை

தோஹா

அன்புள்ள அத்தானுக்கு,



கன்டெய்னரை அடுக்கி ஸ்டேடியம் கட்டியிருக்காங்கன்னு போன்ல சொன்னதுக்கு அப்படிச் சிரிச்சீங்களே! தூத்துக்குடி துறைமுகத்துல காலமெல்லாம் பெட்டி எண்ணின மனுஷன்கிட்ட, பெட்டி விஷயத்துல நான் பொய் சொல்வேனா? மொத்தம் 974 பெட்டி. ஸ்டேடியத்துக்குப் பேரே 974தான். எனக்குப் போன் போட முதல்ல அழுத்துறீங்களே, கத்தார் நம்பர், அதுவும் அதேதான். நம்ம நாட்டு நம்பர் 91. அந்தக் கணக்குல நாம கட்டியிருந்தா கபடி கிரவுண்டுக்குக்கூடக் காணாது.

ராஸ் அபு அபூத்னு கடலை ஒட்டின இடம். இரும்புச் சட்டத்தை நிறுத்தி, அலமாரியில டப்பா சொருகின கணக்கா கலர் கலரா பெட்டிகளைச் சொருகி வெச்சிருக்காங்க. படிக்கட்டு, கடை, கக்கூஸ் எல்லாம் பெட்டிக்குள்ளேயே. ஏறத்தாழ 44,000 பேர் உட்காரலாம்.

2022 நவம்பர் 30, உலகக் கோப்பை ஃபுட்பால்ல போலந்து - அர்ஜென்டினா மேட்ச். இங்க குடியிருக்கறவங்களுக்குன்னு 40 ரியாலுக்கு மலிவு டிக்கெட் விட்டாங்க. ராத்திரி 10 மணிக்கு ஆட்டம். சுத்தி அர்ஜென்டினா சட்டை. இவ்வளவு பேர் அங்கிருந்தா பிளேன் ஏறி வந்தாங்கன்னு அசந்து போயிட்டேன். அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்டா, பாதிப்பேர் மலையாளத்துல திட்டிக்கிட்டு இருக்காங்க. மெஸ்ஸி பெனால்டி அடிச்சதைப் போலந்து கோலி தடுத்ததும், பக்கத்துல இருந்த சேட்டன் தலையில கை வெச்சு உட்கார்ந்தவர்தான், இடைவேளை வரைக்கும் எழுந்திரிக்கல. நான் எங்க மெஸ்ஸியைப் பார்த்தேன்? எதிரே இருந்த பெட்டியோட மூலையில இருக்கிற கார்னர் காஸ்டிங்கைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்ம யார்டுல பெட்டியைப் பூட்ட ட்விஸ்ட் லாக் மாட்டுவோமே, அச்சு அசல் அதே ஓட்டை. பழக்கதோஷம்! இடைவேளையில கக்கூஸுக்கு வரிசையில நிக்கறப்போ, இந்தப் பெட்டி நாற்பதடியா இருக்குமான்னு காலடி வெச்சு அளந்தேன். முன்னாடி நின்னவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

2-0ன்னு அர்ஜென்டினா ஜெயிச்சது. தோத்த போலந்தும் கோல் கணக்குல அடுத்த சுற்றுக்குப் போயிட்டதால அவங்களும் ஆடிக்கிட்டே வெளியே போனாங்க. அப்படி ஒரு தோல்வி நமக்கும் வாய்க்கணும்.

கட்டினது யாருன்னு கேட்டீங்க. வேற யாரு? நேபாளி, பெங்காலி, நம்ம ஆளுங்க. ஜூன் 1லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலை 10 மணியிலேர்ந்து மதியம் மூன்றரை வரைக்கும் வெட்டவெளியில வேலை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கு. பத்து மணிக்கு முந்தியும் வெயில் வெயில்தான். அதுக்குச் சட்டம் தெரியாது.

இன்னொரு கூத்து கேளுங்க. உலகக் கோப்பை முடிஞ்சதும் நட்டு போல்ட்டைக் கழட்டி, அத்தனை பெட்டியையும் மூட்டை கட்டிடுவோம்னுதான் ஆரம்பத்துலேயே சொன்னாங்க. டிசம்பர் 5, பிரேசில் தென் கொரியாவை 4-1ன்னு அடிச்ச மேட்ச்தான் அந்தக் கோப்பையில இந்த ஸ்டேடியத்துக்குக் கடைசி. கழட்டினாங்களா? 2024 டிசம்பர்ல மெக்சிகோவோட பச்சூகா கிளப் பிரேசிலோட பொட்டபோகோவை 3-0ன்னு தோக்கடிச்சதும் இதே ஸ்டேடியத்துலதான். ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்து, பொண்ணு கல்யாணம் வரைக்கும் இங்கேயே கிடக்கிற நம்ம ஆளுங்க கதைதான் இதுக்கும்.

அப்புறம் அத்தான், மொட்டை மாடியில பழைய பெட்டி ஒண்ணை ஏத்தி ரூம் போடப் போறீங்களாமே, அக்கா சொன்னா. அந்தக் கோப்பை நடந்த எட்டு ஸ்டேடியத்துல குளிர்சாதனம் இல்லாதது இந்த 974 ஒண்ணுதான், வாஸ்தவம். கடல்காத்து போதும்னு விட்டுட்டாங்க. ஆனா அவங்க ஆடினது மார்கழிக் குளிரை ஒட்டி, அதுவும் பொழுது சாஞ்ச பிறகு. நாற்பதடிப் பெட்டி காலியாவே மூணரை டன்னுக்கு மேல வரும், உங்களுக்குத் தெரியாததில்ல. மாடி தாங்குமான்னு கொத்தனாரைக் கேளுங்க. சித்திரை வெயில்ல அதுக்குள்ள யார் படுக்கறதுன்னு அக்காவைக் கேட்டேன்.

“ஆசைப்பட்டவர்தான் படுக்கணும்”னு சொல்லிட்டா.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்