சர்வர் வாசலில் ஒரு மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
அடையவளைந்தான் வீதி, ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி – 6.

பெறுநர்:
உதவித்தொகை, சான்றிதழ், கல்விக்கடன் ஆகியவற்றின் இணையதளங்கள் அனைத்தும் ஒருசேர எழுந்தருளியிருக்கும் சமுகம்,
சர்வர் இருக்கும் ஊர்.

பொருள்: கல்லூரிக் கட்டணம் – உதவி கோருதல் – உதவி வந்து சேர்வதற்குள் படிப்பு முடிந்துவிடாமல் இருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கட்டண விவரத்தை மனுதாரரின் தாயார் பார்த்த பார்வை.

மகாராஜராஜஸ்ரீ சமுகம் அவர்களுக்கு,

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவர்களின் நடையில் 'நான்' என்ற சொல்லுக்கு இடமில்லை. கேட்பவர் மனுதாரர், கொடுப்பவர் சமுகம்; உலகத்தில் வேறு ஆளே கிடையாது. இந்த மனுவும் அந்த மரபுப்படிதான். மனுதாரர் என்பவரும் ஒரே ஆளைக் குறிக்காது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிற பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து இவர் ஒருவர்.

முதலில் நன்றி. சமுகத்தின் கருணைக்கு ஒரு குறையுமில்லை. பிளஸ் டூவில் 80ஆவது பெர்சன்டைலுக்கு மேல் வாங்கி, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு ₹12,000 வீதம், நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்கு. பட்டியல் வகுப்பினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 2.5 லட்ச வரம்பில் தனித்தனி உதவித்தொகைகள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண், பையனுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் ₹1,000. கலந்தாய்வு வழியே தனியார் பொறியியல் கல்லூரியில் சேரும் முதல் பட்டதாரிக்கு ₹25,000 கட்டணச் சலுகை. அரசுப் பள்ளிப் பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசுடையது. இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டியபோது மனுதாரரின் தாயாருக்குக் கண் கலங்கியது. அடுத்த பக்கத்தில் 'தேவையான ஆவணங்கள்' என்று இருந்தது. கலங்கிய கண் அங்கேயே காய்ந்தது.

மனுதாரரின் தந்தைக்கு ரெங்கா ரெங்கா கோபுரத்துக்கு அருகே பூ வியாபாரம். வைகுண்ட ஏகாதசிக்கு முழம் சொன்ன விலைக்குப் போகும். ஐப்பசி மழையில் மாலை கட்டிய நாருக்குக்கூடக் காசு தேறாது. "ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்று இ-சேவை மையத்தில் கேட்டார்கள். "எந்த ஆண்டு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். குறும்பு ஒன்றுமில்லை, நிஜமாகவே தெரியாது. ஆனால் ₹60 கட்டினால் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறது, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து வட்டாட்சியருக்கு. பூக்காரரின் வருமானம் இந்த மூவருக்கும் தெரிந்துவிடுகிறது. கடைசியில் சான்றிதழைப் பார்த்துப் பூக்காரரும் தெரிந்துகொள்கிறார்.

முதல் பட்டதாரிச் சான்று இன்னும் நுட்பமான கலை. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி எவரும் பட்டம் வாங்கியதில்லை என்று காட்ட வேண்டும். வாங்கிய பட்டத்தைக் காட்டலாம், சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். வாங்காத பட்டத்தை எந்தக் காகிதத்தில் காட்டுவது? மூன்றாம் வகுப்போடு நின்றுபோன பாட்டி, நிற்கிற அன்றைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. பிற்காலத்தில் தன் பேத்தி கல்லூரிக்குப் போவாள், அன்று சமுகம் இதைக் கேட்கும் என்று அவருக்குத் தோன்றாமல் போயிற்று. அந்தக் கவனக்குறைவுக்கு அவர் சார்பில் மனுதாரர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்.

அடுத்தது பெயர். ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு ஓர் அரங்கன். ஆதாரில் ரங்கநாதன், ரேஷன் கார்டில் ரெங்கநாதன், வங்கிப் புத்தகத்தில் அரங்கநாதன். மூன்றும் ஒருவரே என்று வீதியில் பம்பரம் விடுகிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பெருமாளே இந்த எல்லாப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறவர்தான். கணினியின் கணக்கில் மட்டும் மனுதாரருக்கு மூன்று தகப்பனார். இனிஷியல் முன்னால் வந்தால் ஒரு மாணவி, பின்னால் வந்தால் இன்னொருத்தி, விரித்து எழுதினால் அப்பாவே பி.காம். சேர விண்ணப்பித்த மாதிரி.

வங்கியில் "ஆதார் லிங்க் ஆயிடுச்சும்மா" என்றார்கள். இணையதளம் "சீடிங் ஆகவில்லை" என்றது. இரண்டும் வேறு வேறு என்பது பிளஸ் டூ வணிகவியல் பாடத்தில் இல்லை. ஆதார் எண்ணை வங்கி தன் கணக்கில் குறித்துக்கொண்டால் அது லிங்க். இந்த எண்ணுக்கு வருகிற அரசுப் பணம் இந்த வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் அட்டவணையில் ஏற்றினால்தான் சீடிங். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். ஆகவே, பள்ளியில் படிக்கும்போது யாரோ திறந்து கொடுத்து எல்லாரும் மறந்துபோன ஜீரோ பேலன்ஸ் கணக்கில் உதவித்தொகை போய் உட்கார்ந்துகொள்ளவும் வாய்ப்புண்டு. ஏடிஎம் கார்டு எங்கே என்று அம்மா பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடிய ஊர் இது. எனவே தேசிய உதவித்தொகை இணையதளத்தின் நடைமுறை மனுதாரருக்கு உடனே புரிந்துவிட்டது. மாணவரிடமிருந்து கல்லூரியின் நோடல் அலுவலருக்கு ஓர் ஏணி, அங்கிருந்து மேலிடத்துக்கு இன்னோர் ஏணி. நடுவில் 'டிஃபெக்ட்' என்று ஒரு பாம்பு. கடி பட்டால் விண்ணப்பம் மாணவரிடமே திரும்பி வரும். திருத்திக்கொண்டு மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஏற வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: பரமபதத்தில் தாயம் விழ எவ்வளவு நேரமானாலும் யாரும் 'கடைசித் தேதி முடிந்தது' என்று பலகையைச் சுருட்டுவதில்லை.

காத்திருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதையும் சமுகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தெற்கு வாசலில் நிற்கும் ராஜகோபுரம் தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987இல்தான் 13 நிலையும் 236 அடியுமாக நிறைவு பெற்றது. அதுவரை அரங்கனிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. கல்லூரிக் கவுன்ட்டரில் கேட்கிறார்கள், அதுவும் ஜூன் மாதத்திலேயே.

மனுதாரருக்கு இன்னொரு சந்தேகம். சமுகத்தின் விதிகள் முன்பே இருந்திருந்தால் பெரியவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

கும்பகோணத்து இராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அந்தத் தொகை பறிபோயிற்று. இன்றைய மத்திய உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். இன்றைக்கும் அவருக்குப் பாம்புதான். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ₹75 ஆய்வு உதவித்தொகை கொடுத்தபோது அவரிடம் பட்டம் கிடையாது. நல்லவேளை, அந்த விண்ணப்பத்தில் 'பட்டச் சான்றிதழைப் பதிவேற்றவும்' என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் எதுவும் இல்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள தூய வளனார் கல்லூரியில் அப்துல் கலாம் படித்தார். அங்கிருந்து சென்னை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தது. சேருவதற்கு ஆயிரம் ரூபாய் அளவுக்குத் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே சொல்கிறார். எம்.ஐ.டி.யில் ஒரு விமான வடிவமைப்பு வேலை திருப்தியாக இல்லாதபோது பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு விதித்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும். கலாம் தூங்காமல் முடித்தார். மாணவருக்கு மூன்று நாள் கெடு என்ற மரபைச் சமுகம் இன்றளவும் போற்றி வருகிறது. சமுகத்துக்கு யார் கெடு வைப்பது என்பதைப் பேராசிரியர் சொல்லாமல் போய்விட்டார்.

கடனாவது வாங்கலாமே என்று சமுகம் கேட்கலாம். மனுதாரர் விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார். 4 லட்சம் வரை மார்ஜின் தொகை கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. 'எங்கள் ஏரியா இல்லை' என்று சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. மாணவருக்கு சிபில் மதிப்பெண் குறைவு என்பதையே காரணமாக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீன்தாரரும் வேண்டாம், அடமானமும் வேண்டாம். தரவரிசைப்படி தேர்ந்த கல்வி நிறுவனங்களில் ஒன்றில் இடம் வாங்கினால் போதும். துவாக்குடி என்.ஐ.டி.யில் சேர்ந்த பிள்ளைக்குக் கவலையில்லை. தரவரிசையில் இல்லாத கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையின் வறுமை மட்டும் தரம் போதாமல் வெளியே நிற்கிறது. இத்தனை விதியையும் ஒப்பித்த பிறகும் ஏதாவது ஒரு கவுன்ட்டரில், "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் அதற்கு மறுமொழி இல்லை.

இதற்கிடையில் ஜூன் வந்தது.

தாயார் மெயின்கார்டு கேட்டில் இறங்கிப் பெரிய கடைவீதிக்கு நடந்தார். அடகுக் கடையில் நகையைக் கல்லில் உரசினார்கள், எடை போட்டார்கள், ஓர் ஆதார் நகல் வாங்கினார்கள், பணத்தை எண்ணி வைத்தார்கள். காபி குடித்து முடிக்கிற நேரம்தான். ரங்கநாதனா ரெங்கநாதனா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தங்கத்துக்கு இனிஷியல் கிடையாது. மறுநாள் கட்டணம் கட்டியாயிற்று.

தங்கத்தைப் பற்றிச் சமுகத்துக்குத் தெரியாதது இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்கு 4 கிராம், 2016 முதல் 8 கிராம் தங்கம் கொடுத்து வந்தார்கள். அந்தத் திட்டத்தைத்தான் 2022இல் உயர்கல்விக்குத் திருப்பிப் புதுமைப்பெண் ஆக்கினார்கள். கல்யாணத்துக்கான தங்கம் படிப்பாக மாறுவது நல்ல யோசனை என்பதில் மனுதாரருக்கு ஐயமில்லை. ராமேஸ்வரத்து அக்கா ஒருவர் 1954 வாக்கிலேயே அரசாணை எதுவும் இல்லாமல் இதைச் செய்துவிட்டார். ஸ்ரீரங்கத்து அம்மாவும் இப்போது செய்திருக்கிறார். சமுகம் அனுப்பும் ₹12,000 எப்படியும் ஒருநாள் வந்துவிடும்; அது கல்லூரிக்குப் போகாது, கடைவீதிக்கு வட்டியாகப் போகும். வறுமையில் இருப்பவருக்கு உதவி என்கிறார்கள். அந்த உதவிக்குக் காத்திருக்கக் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

எனவே மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்வது: ஒரு துறையிடம் கொடுத்த வருமானச் சான்றை இன்னொரு துறை அதனிடமே கேட்டுப் பெறட்டும். 'டிஃபெக்ட்' என்றால் எந்த வரியில், என்ன பிழை என்று தமிழில் ஒரு வரி எழுதட்டும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற இடத்தில் எந்த மேசையில், எத்தனை நாளாக என்பதும் தெரியட்டும். அனுமதி கிடைக்கும் வரை கட்டணத்துக்குத் தவணை கொடுக்கும்படி கல்லூரிகளிடம் சமுகமே ஒரு வார்த்தை சொல்லட்டும். பெரிய கடைவீதியில் அரைமணியில் நடப்பதை ஆறு மாதத்திலாவது நடத்தித் தரட்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்
(பெயர் வேண்டுமென்றே எழுதப்படவில்லை, எப்படி எழுதினாலும் பொருந்தாது.)

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: கடைசி நாள்

இணைப்பு:
1. வருமானச் சான்று – சென்ற ஆண்டினுடையது. புதியது வட்டாட்சியர் மேசையில் இருக்கிறது.
2. பாட்டி பட்டதாரி இல்லை என்பதற்கு ஆதாரம் – பாட்டி. நேரில் வரத் தயாராக இருக்கிறார்.
3. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மூன்று வங்கிகள்.
4. அடகுச் சீட்டு – நகல் மட்டும். அசலைத் தர இயலாது. நகையை மீட்க அம்மாவுக்கு அது வேண்டும்.