கூப்பிடு தூரம்

கின்ஷாசாவிலிருந்து பிராசவில்லுக்கு எவ்வளவு தூரம்? வரைபடத்தில் அளவுகோல் வைக்க முடியாது; இரண்டு ஊரின் பெயரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவே காங்கோ ஆறு, ஏறத்தாழ 4 கிலோமீட்டர். இந்தக் கரையில் ஒரு நாட்டின் தலைநகரம், அந்தக் கரையில் இன்னொன்றின் தலைநகரம். இரு கரையிலும் லிங்காலா பேச்சு. விமானம் என்றால், சக்கரத்தை உள்ளே இழுத்த கையோடு வெளியே நீட்டிவிட வேண்டியதுதான்.

நேரடி விமானம் கிடைக்காத நாளில் அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். போக 3,000 கிலோமீட்டர், திரும்பி வர 3,000. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் தலை கோபித்துக்கொள்ளும். அது இவ்வளவு பெரிதில்லை. அந்த அடிஸ் அபாபாவில்தான் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம். ஆப்பிரிக்க வானம் இனி ஒரே சந்தை என்று 2018 ஜனவரியில் அங்கேதான் தொடங்கி வைத்தார்கள். இதே பேச்சை யாமுசுக்ரோ நகரில் 1988இல் ‘அறிவிப்பு’ என்றும், 1999இல் ‘முடிவு’ என்றும் பேசியாயிற்று. யாமுசுக்ரோவிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு ஒரு காகிதம் பறக்க ஆன நேரம்: 30 ஆண்டு.

சரி, ஆற்றிலேயே போவோம். விரைவுப் படகுக்குக் கால் மணி போதும். படகில் ஏறத்தான் அரை நாள் வேண்டும். கின்ஷாசாவின் என்கோபிலா துறையில் முத்திரைக்கு ஒரு மேசை, சுங்கத்துக்கு ஒரு மேசை, மேசையே இல்லாமல் நீளும் கை ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணத்திலும் சுங்கத்திலும் சலுகை கிடைத்ததால், கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டிகளில் மூட்டை அடுக்கி இந்த ஆற்று வணிகத்தையே அவர்கள் நடத்தினார்கள். நடக்க முடியாதவர் சுமக்க, நடக்க முடிந்தவர் வரிசையில் நிற்க, இரண்டு அரசுகள் வேடிக்கை பார்த்த துறை இது.

பாலம் உண்டே! 1,575 மீட்டர் நீளம், மேலே சாலை, கூடவே ரயில். 2018 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒப்பந்தமும் ஆயிற்று. இதுவரை அதன்மேல் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

வெள்ளைக்காரன் போட்ட கோடு என்பார்கள். உண்மைதான். 1880இல் பிரான்சுக்காக பிராசா என்ற ஆய்வுப் பயணி பிராசவில் கரையில் ஒப்பந்தம் வாங்கினார். 1881இல் பெல்ஜிய மன்னனுக்காக ஸ்டான்லி என்ற இன்னொரு பயணி எதிர்க்கரையில் ஊர் அமைத்தார். ஆனால் கோடு போட்டவர்கள் 1960இலேயே கொடியை இறக்கிவிட்டார்கள். அதே கோட்டின்மேல் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது யாராம்? காங்கோ ரும்பா இசையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க இரண்டு அரசும் சேர்ந்தே விண்ணப்பித்தன, 2021இல் சேர்ந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களில்லை இவர்கள்.

திறமை போதவில்லை என்று இரக்கப்படவும் வேண்டாம். 2014 ஏப்ரலில் பிராசவில் போலீசு எதிர்க்கரை மக்களை விரட்டத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் ‘ம்பாத்தா யா பகோலோ’: பெரியவர்கள் கொடுக்கும் அறை. பிள்ளைகுட்டிகளோடு, பாய் படுக்கையோடு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கின்ஷாசா கரையில் வந்து விழுந்தார்கள். சில வாரங்களில், அதே ஆற்றில், அதே துறையில். முப்பது ஆண்டு மாநாடு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.